பரஞ்சோதி வீட்டு இன்வெர்ட்டர்

“அம்மா, என்னால கண்ண மூடி உட்காரவே முடியல” என்றார் பரஞ்சோதி.

தியானம் சொல்லித் தரும் நாச்சியார் அவரைவிடப் பத்து வயது இளையவர். முன்பு மாடி மாடியாக ஏறி சோலார் பொருத்தும் வேலை பார்த்தவர்.

“என்ன ஆச்சு சார்?”

“சோலார் இன்வெர்ட்டர் கடகடங்குது. வெயில் ஏறினா போதும், உயிரை வாங்குது. பக்கத்து வீட்டு இளவழுதிக்கும் அதே கம்பெனி, அதே மாசம் போட்டதுதான். அங்க சத்தமே இல்ல. மனுஷன் ஒரு மணி நேரம் அசையாம உட்கார்றார். போன வாரம் எல்லார் முன்னாடியும் நீங்க அவரைத்தான் பாராட்டினீங்க.”

வயிற்றெரிச்சல் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. இன்வெர்ட்டரின் மேல் பழியைப் போட்டார்.

“சத்தம் நிக்கலைன்னா நாளையிலேர்ந்து நான் வகுப்புக்கு வரல.”

நாச்சியார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க, பார்ப்போம்.”

உச்சி வெயில். பரஞ்சோதி வீட்டுச் சுவரில் இன்வெர்ட்டர் கடகடத்துக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் கம்பியால் கட்டிய ஒரு தகரத் திருஷ்டி முகம். பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு.

“இது எதுக்கு?”

“புதுப் பொருள் இல்லையா? இளவழுதி கண்ணு பட்டுடக் கூடாதுன்னு நானே கட்டினேன்.”

நாச்சியார் தகரத்தை ஒரு விரலால் அழுத்தினார். கடகடப்பு நின்றது. மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

“இன்னும் கேக்குதே!”

“இது சூட்டைத் தணிக்க ஓடுற ஃபேன். இளவழுதி வீட்லயும் ஓடுது.”

“அங்கயுமா? அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லையே!”

“தகரத்தைக் கழட்டிடவா?”

பரஞ்சோதி பதறிப்போனார்.

“அப்புறம் அவர் கண்ணு?”

“அவர் இதைப் பார்த்திருக்காரா?”

பரஞ்சோதி யோசித்தார்.

“இல்ல. நான்தான் தினமும் ஜன்னல்ல நின்னு அவர் வீட்டைப் பார்க்கிறேன். அவர் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பினதில்ல.”

அதிலும் அவருக்கு ஆற்றாமைதான்.

நாச்சியார் கம்பியை அவிழ்த்தார். தகரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

“அம்மா, அதை எங்க கொண்டுபோறீங்க?”

“இளவழுதி வீட்ல கட்ட. அங்கதான் வேணும்.”