பலகையில் நாலாவது பெயர்

"என் பேரை எப்ப மேடம் பலகையில ஏத்தப் போறீங்க?" என்று தாயுமானவன் கேட்டார்.

ஜைபுன்னிசா பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அலுவலக வாசலில் தொங்கிய பலகையில் மூன்று பெயர்கள் இருந்தன. முதல் பெயர் வைத்திலிங்கம். எழுபது வருஷத்துக்கு முன்னால் அந்த நகரத்தில் கட்டடம் வரைந்து கொடுக்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர். இரண்டாவது, அவரோடு பங்கு சேர்ந்த அருளானந்து. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது ஜைபுன்னிசா.

தாயுமானவனும் பங்குதாரர்தான். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் பலகையில் பெயர் ஏறும் நாளை, கடைசியாகப் பெயர் ஏறிய பங்குதாரர்தான் முடிவு செய்வார். அது அங்கே வழக்கம்.

ஜைபுன்னிசாவைவிட அவருக்கு எட்டு வயது கூடுதல். அது வேறு உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

"மீன் மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வாங்க சார்" என்றார் ஜைபுன்னிசா.

மீன் மார்க்கெட் வைத்திலிங்கம் கட்டியது. தாயுமானவன் போனார், சுற்றிப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"அந்தக் காலத்துலயே தூணில்லாத கூரை! பெரிய மனுஷன்தான் மேடம். ஆனா அவ்வளவு அழகான சுவர்ல யாரோ இரும்பு வளையமா அடிச்சு வெச்சிருக்காங்க. பார்க்கச் சகிக்கல."

"சரி" என்றார் ஜைபுன்னிசா. பென்சிலை எடுத்துக்கொண்டார்.

பேச்சு அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் மறுபடி கேட்டார்.

"அருளானந்து சார் கட்டின கல்யாண மண்டபத்துல நாளைக்கு ஒரு கல்யாணம். சாப்பிட்டுட்டு வாங்க."

தாயுமானவன் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டார். சமையல்கட்டையும் எட்டிப் பார்த்தார்.

"எல்லா ஜன்னலும் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. சமையல்கட்டுல மட்டும் ஒண்ணு கோணையா, கூரையை ஒட்டி நிக்குது. அருளானந்து சார் கையில இப்படி ஒரு தப்பா?"

"சரி" என்றார் ஜைபுன்னிசா.

இந்த முறை தாயுமானவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் கட்டடத்துல ஒரு தப்பு காட்டுங்க பார்ப்போம்! அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு விருது குடுத்தாங்க. அந்த வளைஞ்ச சுவரைப் போட்டோ எடுக்க டெல்லியிலேருந்து வந்தாங்க. ஒரு புகார் வந்திருக்கா இதுவரைக்கும்?"

"வரல சார்."

"அப்புறம்?"

"புகார் வரலையேன்னுதான் நானும் காத்திருக்கேன்."

தாயுமானவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஐம்பத்து மூன்று வயதில் வாசல் பலகையில் தன் பெயரைத் தேடிக்கொண்டே வேலைக்கு வருவது லேசான காரியமா?

ஐப்பசியில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவர் கட்டிய ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காலை பத்து மணிக்கு வலி எடுத்தது. பிரசவ அறை மாடியில். லிஃப்ட் கிடையாது, சாய்தளம்தான். ஸ்ட்ரெச்சரைச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போனார் ஓர் ஆயா. தாயுமானவன் பக்கத்திலேயே நடந்தார்.

பாதி ஏறியதும் சாய்தளம் திரும்புகிற இடம். விருது வாங்கிய வளைந்த சுவர் அங்கேதான் இருந்தது.

ஸ்ட்ரெச்சர் திரும்பியது. தள்ளுகிறவரால் திரும்ப முடியவில்லை. ஆயா சுவரோடு ஒட்டி, முழங்கையை மடக்கி, ஒரு பக்கத்தைத் தூக்கித் திருப்பினார். ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது.

"அப்பா!" என்று மகள் அலறினாள்.

தாயுமானவன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். அப்போதுதான் சுவரைப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்கு வெள்ளைப் பூச்சு தேய்ந்து செங்கல் தெரிந்தது. ஆயாவின் முழங்கையில் காய்ப்புக் காய்த்திருந்தது.

"தினமும் இப்படித்தானாம்மா?"

"ஆறு வருசமா இப்படித்தாங்கய்யா. கட்டுன மகராசன் ஒரு நாளு இதைத் தள்ளிப் பாத்திருந்தான்னா தெரிஞ்சிருக்கும்."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாருகிட்ட போய்ச் சொல்ல? பழகிருச்சு."

ஸ்ட்ரெச்சருக்கு அளந்து இடம் விட்டிருந்தார். தள்ளுகிறவருக்கு விடவில்லை.

பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம். பேத்தியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத் தாயுமானவன் வெளியே வந்தார். அவமானத்தில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி மீன் மார்க்கெட்டுக்குள் ஓடினார்.

சாரல் ஒரு பக்கமாக உள்ளே அடித்தது. மீன்காரப் பெண்கள் எழுந்து, தார்ப்பாயை இழுத்து, சுவரில் இருந்த இரும்பு வளையங்களில் மளமளவென்று கட்டினார்கள். சாரல் நின்றது.

"இந்த வளையத்தை யாரும்மா அடிச்சது?"

"இதைக் கட்டுன ஐயாவேதானாம். சாரல் அடிக்குதேன்னு எங்க மாமியாரு ஏசுனப்போ, அடுத்த நாளே ஏணியோட வந்து நின்னாராம். சரி, வஞ்சிரம் இருக்கு, போடவா?"

தாயுமானவன் மழையில் இறங்கினார். நனைந்துகொண்டே அலுவலகத்துக்கு நடந்தார்.

ஜைபுன்னிசா ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"என்ன குழந்தை சார்?"

"பொண்ணு." தலையைத் துவட்டாமல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "மேடம், அந்தக் கோணை ஜன்னல் சமையல்காரங்க புகையில கண்ணு எரியுதுன்னு சொல்லி, அருளானந்து சாரே பின்னால உடைச்சு வெச்சதுதானே?"

"மண்டபத்துக்குப் போயிட்டா வர்றீங்க?"

"போகல. போக வேண்டியதில்ல."

ஜைபுன்னிசா பென்சிலைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கொத்தனார் வேணும் மேடம். ஆஸ்பத்திரியில ஒரு சுவரை இடிக்கணும்."

"எந்தச் சுவர்?"

"விருது வாங்கின சுவர்."

"ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டாங்களா?"

"யாரும் கேட்கல. நான்தான் போய்க் கேட்கணும்."

ஜைபுன்னிசா போனை எடுத்துக் கொத்தனாரிடம் பேசினார். நாளைக் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கச் சொன்னார். வைத்துவிட்டு இன்னொரு எண்ணை அழுத்தினார்.

"பெயின்டர் அண்ணே, ஜைபுன்னிசா பேசறேன். ஏணி கையில இருக்கா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு, நனைந்து நின்றவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"சார், உங்க இனிஷியலைத் தமிழ்ல போடச் சொல்லவா, இங்கிலீஷ்லயா?"

எதற்குக் கேட்கிறார் என்று தாயுமானவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை.