எது அசல் கார்புரேட்டர்?

அப்பா தன் பழைய காரை மகள் மங்கையர்க்கரசிக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். அண்ணன் தாண்டவராயனுக்கு அது பொறுக்கவில்லை. எஞ்சினிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றினார். அதே மாதிரி இரண்டு போலிகளோடு கலந்து சாக்கின் மேல் வரிசையாக வைத்தார்.

“அசலைத் தொட்டுக் காட்டு. தப்பினா கார் எனக்கு. இதோ நிக்கிற பெரியப்பா சாட்சி. அடுப்பூதுறவளுக்குக் கார் ஒரு கேடா?”

மூன்றிலும் ஒரே கரி. அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியலண்ணா. அப்பா ஞாபகமா அசலை நீங்களே வச்சுக்குங்க. மத்த ரெண்டுல ஒண்ணு போதும், வண்டி ஓடினாச் சரி.”

சொல்லி முடிக்குமுன், நடுவிலிருந்ததை வாரி எடுத்து, வெள்ளைச் சட்டையில் கரி அப்ப, மார்போடு அணைத்துக்கொண்டார் அண்ணன்.

அவள் எட்டி அதைத் தொட்டாள்.

“இதுதான், பெரியப்பா.”