மேற்கே போகும் தண்ணீர்

சூரியன் எல்லா ஊருக்கும் பொது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. படித்தவர்களே இதைக் கூசாமல் சொல்கிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது முறையல்ல. சூரியன் யாருடையது என்று கீழப்பொட்டலும் மேலப்பொட்டலும் ஒரு கோடை முழுக்க வழக்காடியிருக்கின்றன.

இரண்டு ஊருக்கும் நடுவே ஒரே கண்மாய். மழை அபூர்வமான சீமை. அதனால் ஒரு நாள் கிழக்கே, ஒரு நாள் மேற்கே என்று முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுவார்கள். முறை என்றால் இரண்டு ஊருக்கும் உயிர். துக்க வீட்டில்கூட முறை வைத்துத்தான் அழுவார்கள்.

அந்தப் பங்குனியில் மடையை இறுக்கி அடைத்த பிறகும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. எதிர் ஊர்க்காரன்தான் திருடுகிறான் என்று இரண்டு ஊரும் முடிவு கட்டின. கீழப்பொட்டல் சாத்தையாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மகள் முத்திருளாயிக்கும் மேலப்பொட்டல் சோணமுத்துவின் மகனுக்கும் வைகாசியில் கல்யாணம். கொக்கு ஒன்று எந்த ஊர் மீனைத் தின்றது என்ற தகராறில் ஏற்கெனவே ஒரு தடவை முறிந்து ஒட்டிய சம்பந்தம் அது.

பாசன அதிகாரி அம்மாவைச் சாத்தையாவே போய் அழைத்து வந்தார். அந்த அம்மா, "ரெண்டு ஊரும் சேர்ந்தே காவல் இருங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் கண்ணா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே இருந்தார்கள். கரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் இமைக்காமல் பார்த்தார்கள். தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. தண்ணீர் இன்னும் இறங்கியது.

அதிகாரி மறுபடி வந்தார். "யாரும் திருடலைங்க. வெயில்தான் குடிக்குது. நிழல் இருந்தா கொஞ்சம் மிஞ்சும். கரையைச் சுத்தி மரம் வையுங்க."

மரம் வளரும்வரை நிழலுக்கு என்ன செய்வது? இரண்டு ஊரும் குடையோடு கண்மாய்க்குள் இறங்கி வரிசையாக நின்றன. நிழல் நன்றாகவே விழுந்தது. நின்றவர்களுக்குத் தாகம் எடுத்ததால் ஆளுக்கு ஒரு சொம்பு குடித்துக்கொண்டார்கள். ஆடு மாடுகளும் நிழலைக் கண்டு வந்து குடித்தன.

கீழப்பொட்டலின் மூளை என்று பெயர் வாங்கிய ஒச்சப்பன் அன்றைக்குச் சாயங்காலம் கூட்டத்தில் எழுந்தார். "பகலெல்லாம் குடிச்சுப்புட்டு இந்தச் சூரியன் எங்க போறான்? பாருங்கப்பா! நேரா மேலப்பொட்டல் பனங்காட்டுக்குள்ள இறங்குறான். நம்ம தண்ணியை அங்கதான்யா கக்குறான்!"

சோணமுத்து துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அடேய், காலையில எங்கேருந்து வர்றான்? உங்க ஊர் களத்துமேட்டுலேருந்துதானே? வெறும் வயித்தோட ஏவி விடுறதே நீங்கதான்!"

"வர்றவனை நாங்க எப்படித் தடுக்க?"

"அப்ப போறவனை நாங்க எப்படிப் பிடிக்க?"

இரண்டுமே நியாயமாக இருந்ததால் கூட்டம் இரண்டுக்கும் தலையை ஆட்டியது. அப்புறம் கம்பைத் தேடியது.

"சம்பந்தி," என்றார் சோணமுத்து, "நாளைக்கு நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பி அனுப்புறேன். திருட்டுப் பட்டம் கட்டுன ஊர்ல எம்மவனுக்குப் பொண்ணு வேண்டாம்."

சாத்தையா வாழ்நாளில் முதல் தடவையாக யோசித்தார், வியர்த்தது. "இருங்க சம்பந்தி! மேற்கே இருக்கிறவனுக்குத் தண்ணி சேருது. அம்புட்டுத்தானே? அப்ப அதுக்கும் முறை வைப்போம். இத்தனை நாள் நீங்க மேற்கே இருந்தீக. இனி ஒரு வருசம் நாங்க மேற்கே, நீங்க கிழக்கே."

இப்படி ஒரு நியாயத்தை யாரும் கேட்டதில்லை. ஒச்சப்பனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்திரையில் ஊர் மாறினார்கள். ஆடு, மாடு, கட்டில், உரல் எல்லாம் கரை வழியே எதிரெதிராகப் போயின. வீடும் அடுப்படிச் சாமானும் நகராதவை என்று முடிவானதால், சோணமுத்து சாத்தையாவின் வீட்டுக்கும், சாத்தையா சோணமுத்துவின் வீட்டுக்கும் குடிபோனார்கள்.

வைகாசியில் கல்யாணம் அமோகமாக நடந்தது. புகுந்த வீடு போகும்போது முத்திருளாயி அப்பனைக் கட்டிக்கொண்டு கதறினாள். "புது இடம் தாயீ, சூதானமா நடந்துக்க" என்று சாத்தையாவும் விம்மினார். கரையைக் கடந்து போய், அவள் மாமனார் வீட்டு வாசலில் வலது காலை வைத்து ஏறினாள்.

உள்ளே மாமியார் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு, ஒரு மாதமாக அகப்படாத உப்புச் சாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். முத்திருளாயி அடுப்புக்குப் பின்னாலிருந்த மாடத்தில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.