அண்ணாச்சியைப் பதறவைத்த டெலஸ்கோப்

தென்காசியில் மூக்குக்கண்ணாடியும் டெலஸ்கோப்பும் விற்கும் கடை வைத்திருந்த குற்றாலிங்கம் அண்ணாச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். மொட்டைமாடியில் நின்று நிலாவைப் பார்க்க ஒரு டெலஸ்கோப் வேண்டுமென்று, பீடி சுற்றிச் சேர்த்த காசோடு மாரிக்கனி அவர் கடைக்கு வந்தாள்.

"பீடி சுத்துற கைக்கு டெலஸ்கோப்பா?" என்றார் அண்ணாச்சி. கடையே சிரித்தது. "சரி, இங்க இருக்கிறதுலயே நல்லதை நீயே எடு. சரியா எடுத்தா உன் காசுக்கே தாரேன். தப்பா எடுத்தா காசை வச்சிட்டு வெறுங்கையோட போ."

மாரிக்கனிக்கு டெலஸ்கோப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'அறுநூறு மடங்கு பெரிதாகத் தெரியும்' என்று பெட்டியில் எழுதியிருந்த பளபளப்பான குழாயைத் தூக்கி, கைநழுவுவதுபோல் ஆட்டினாள். அண்ணாச்சி பல் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்ததையும் ஆட்டினாள். அவர் அசையவில்லை. மூலையில் மரப்பெட்டிமேல் தடித்த குழாய் ஒன்று தூசியில்லாமல் இருந்தது. அதைச் சும்மா தொட்டாள்.

"ஏளா, கையை எடு! உள்ள கண்ணாடி ஒடஞ்சிரும்!" என்று கல்லாவிலிருந்து ஓடிவந்தார்.

"இதுதான் அண்ணாச்சி. மத்ததெல்லாம் விழப் பாத்தப்ப உங்களுக்கு வலிக்கவே இல்லையே."

இப்போது கடை அவரைப் பார்த்துச் சிரித்தது. மாரிக்கனி காசை வைத்துவிட்டுக் குழாயைத் தூக்கிக்கொண்டாள்.

"மெதுவா, மெதுவா!" என்று பின்னாலேயே வந்தார்.

"பயப்படாதீங்க. பீடி சுத்துற கை எதையும் கீழ போடாது."