முந்தி அடித்தால் சரி

“லேட்டு” என்றாள் டீச்சர்.

துரைக்கண்ணு கொஞ்சம் முந்தி அடித்தான்.

“லேட்டுண்ணே.”

இன்னும் முந்தினான். இப்போது அவளுடைய குச்சி பறையில் விழும் சத்தம் வருவதற்கு முன்னாலேயே இவன் குச்சி விழுந்தது. கேட்கவே சகிக்கவில்லை.

“ஆங், இதான் சரி!” என்று போனுக்குள் அவள் சிரித்தாள்.

துரைக்கண்ணு குச்சியைக் கீழே வைத்தான். சேர்ந்து அடித்தால் தப்பு. தப்பாக அடித்தால் சரி. என்ன இழவு இது?

அவன் இருப்பது தோஹாவில், ஆறு கட்டில் போட்ட ரூமில். வெல்டர். டீச்சர் இளவேனி இருப்பது திண்டிவனத்தில், ஒரு மொட்டை மாடியில். அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். போன் இல்லையென்றால் அவனுக்குப் பறையே இல்லை. ஷிப்டு முடிந்து வந்து அவள் அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். எத்தனை தடவை திருப்பிப் போட்டாலும் வீடியோ முகம் சுளிக்காது. அப்படித்தான் இவ்வளவு தூரம் வந்தான்.

இன்று சாயங்காலம் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா. டீச்சர் சரி என்று சொன்னால் மேடை. இல்லையென்றால் கீழே நாற்காலி. ஊரில் பெண்டாட்டியும் மகளும் லைவ்வில் பார்க்கப்போகிறார்கள். தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார்கள்.

“முடிஞ்சுதா? லீவு நாள் வெள்ளிக்கிழமை, அன்னிக்கு ஒருநாள்தான்டா தூக்கம்” என்று மேல்கட்டிலில் புரண்டான் சவரிமுத்து. “ஊர்ல பறைச் சத்தம் கேட்டா ஜன்னலைச் சாத்துற ஆளு நீ.”

“வாயை மூடுடா.”

“யாரை?” என்றாள் டீச்சர்.

“ஐயோ, உங்களை இல்ல டீச்சர். ஒண்ணு கேக்கட்டுமா? உங்க காதுக்குச் சரியா அடிச்சா என் காதுக்குத் தப்பா இருக்கு. எதைத்தான் நம்புறது?”

“என்கூடச் சேர்ந்து எண்ணுங்க” என்றாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று இருவரும் எண்ணினார்கள்.

“சேர்ந்து வந்துச்சா?”

“வந்துச்சே.”

“எனக்கு நீங்க பின்னாலதான் வந்தீங்க. நான் சொல்றது அங்க வரணும், நீங்க சொல்றது இங்க வரணும்ல? அதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகுது.”

“அப்ப யாரு லேட்டு?”

“யாரும் லேட்டு இல்லண்ணே.”

துரைக்கண்ணுவுக்குத் தலை சுற்றியது. யாரும் லேட்டு இல்லையாம். அப்புறம் ஏன் இத்தனை வாரமாக லேட்டு, லேட்டு என்று உயிரை எடுத்தாள்?

“இத்தனை நாளா லேட்டுன்னீங்களே?”

“நானும் முட்டாள்தனமாத்தான் சொல்லிட்டு இருந்திருக்கேன். நேர்ல சொல்லிக்குடுத்த பழக்கம்.”

ஆசிரியை இப்படியா பொசுக்கென்று ஒத்துக்கொள்வாள்? அவனுக்கு இன்னும் குழம்பியது.

“சரி டீச்சர், அப்ப யாரோட சேர்ந்து அடிக்கிறது?”

இளவேனி பறையைத் தோளிலிருந்து கழற்றினாள். சுவரில் சாய்த்து வைத்தாள். வெறும் கையோடு போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“போன்ல என் சத்தத்தைச் சுத்தமா குறைச்சிடுங்க. அப்புறம் அடிங்க.”

“நீங்க அடிக்காம நான் எப்படி?”

“சாயங்காலம் மேடைக்கு நானா வரப்போறேன்?”

“திட்டுனாக்கூட எனக்குக் கேக்காதே டீச்சர்.”

“எனக்கு நீங்க கேப்பீங்க. அதைக் கேட்டுட்டுத்தான் மேடையா நாற்காலியான்னு சொல்லுவேன்.”

துரைக்கண்ணு குச்சியை எடுத்தான். வைத்தான். சவரிமுத்து கட்டிலிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான்.

அவள் காத்திருந்தாள்.

துரைக்கண்ணு போனைக் கையில் எடுத்து, சத்தத்தைக் குறைக்க மனசு வராமல் இன்னும் கொஞ்சம் கூட்டினான். திண்டிவனத்தில் ஒரு காகம் கத்தியது.