மலை ரவுட்டர் கூப்பிடும் நம்பர்

தேனியில் ஓர் ஆஸ்பத்திரி, மலைமேல் அதற்கொரு கிளை. மழை பிடித்தால் நடுவே ஓடும் நெட் லைன் அறுந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு மேலே போகாது. நோயாளிகள் காத்துக் கிடப்பார்கள். அதற்காக சாம்பசிவம் என்ற நிபுணரை வரவழைத்தார்கள். லைன் போனால் மலைமேல் இருக்கும் பழைய ரவுட்டர் தானாகவே கீழே இருக்கும் ரவுட்டரைப் போனில் கூப்பிட்டு இணைத்துக்கொள்ளும் என்று சொல்லி, அது கூப்பிட வேண்டிய நம்பர் எழுதிய காகிதத்தை அவர் இயக்குநரிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

டெலிபோன் ஆபரேட்டர் அழகுமீனா அதை எட்டிப் பார்த்தாள். "சார், இந்த நம்பர் போன வருஷமே கை மாறிடுச்சு."

"ஏம்மா, இருபது வருஷமா ரவுட்டரோட குடும்பம் நடத்துறவன் நான்," என்றார் சாம்பசிவம். "தப்புன்னா நிரூபிச்சுக் காட்டு. ஆனா ஓடுற லைன்ல கை வைக்கக் கூடாது. முடியலைன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போ."

லைனை நிறுத்தாமல் மாற்று லைனை எப்படிச் சோதிப்பது? இயக்குநருக்கே புரியவில்லை. அழகுமீனா முன்னால் வந்தாள்.

"லைன் எதுக்கு சார்? ரவுட்டர் செய்யப்போறதை நானே செய்றேன்" என்று மேசை போனில் ஸ்பீக்கரைப் போட்டு, காகிதத்தில் இருந்த நம்பரை அழுத்தினாள்.

நாலாவது மணியில் எடுத்தார்கள். "ஆஸ்பத்திரி கேன்டீன். எத்தனை டீ?"

"லைன் போனா மலை ரவுட்டரும் இவர்கிட்டதான் பேசும் சார்," என்றாள் மீனா.

இயக்குநர் பேனாவை மூடினார். "மூணு டீ," என்றார் போனில். "மத்தியானம் ஒரு சாப்பாடும் எடுத்து வைங்க. சாம்பசிவம் சார் வேலை முடியாம கிளம்ப மாட்டார்."