நடக்காத திருட்டு

முன்னொரு காலத்தில் ஒரு குட்டி இளவரசி தன் தந்தையிடம் கேட்டாள்: "திருடனே இல்லாத ஊருக்குக் காவலர் எதற்கு, அப்பா?"

ராஜாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனமில்லை. மறுநாளே ஓர் ஆணை போட்டார். ஊர்க் காவலர்களுக்குக் கொம்பும் கயிறும் செருப்பும் வாங்கவும், சிலம்ப வாத்தியார் வைத்துப் பயிற்சி கொடுக்கவும் அரண்மனை தரும் மானியம், இனிமேல் பிடிபட்ட திருடர்களின் எண்ணிக்கைப்படிதான் கிடைக்கும்.

அவ்வளவுதான், நாடெங்கும் திருடர்கள் பெருகிவிட்டார்கள். காவலர்களுக்கெல்லாம் தலைவரான தண்டநாயகர் மழவராயரின் சொந்த ஊரில் மட்டும் நூற்று நாற்பது பேர். அதில் ஒருவன் தன் ஆட்டைத் தானே தோளில் தூக்கிப் போனவன்.

மருதவாசலில் ஒருவரும் பிடிபடவில்லை. அந்த ஊர்த் தலையாரி காளத்தியின் கொம்பு விரிசல் விட்டிருந்தது, காலில் செருப்பில்லை. மானியம் வராவிட்டால் காவல் சாவடியை மூட வேண்டியதுதான்.

அரசவை விகடகவி பூவராகன் அந்த ஊருக்காகப் பேச எழுந்தார். மழவராயருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"அரசே, நடக்காத திருட்டுக்கு மானியம் கேட்கிறார் விகடகவி. நல்லது. அந்த நடக்காத திருட்டை இந்தச் சபைக்குக் கொண்டு வந்து காட்டட்டும்."

ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "எட்டு நாள் கெடு. காட்டாவிட்டால் சாவடியை மூடிவிடுவோம்."

"காட்டுகிறேன், அரசே. தங்கள் முத்துமாலையை மட்டும் இரவல் தர வேண்டும்" என்றார் பூவராகன்.

அந்த மாலையை மருதவாசல் சந்தை நடுவே, வேப்பமரத்தில் கைக்கெட்டும் கிளையில் மாட்டினார். "பார்த்துக்கொள்ளும்" என்று காளத்தியிடம் சொல்லிவிட்டு, சட்டிப்பானைக் கடையின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மழவராயர் சும்மா இருப்பாரா? மெலிந்த ஆள் ஒருவன் மூன்று நாள் மரத்தைச் சுற்றினான். மூன்றாம் நாள் உச்சிவேளையில் அவன் கை உயர்ந்தபோது, பக்கத்தில் காளத்தி நின்றான்.

"தம்பி, மூணு நாளா பாக்குறேன். சாப்பிட்டியா?"

கை இறங்கியது. "இல்லீங்க."

சட்டிப்பானைக் கடையை ஒட்டியிருந்த சாவடியில் கூழ் ஊற்றிக் கொடுத்தான் காளத்தி. பாதிச் சட்டியில் அந்த ஆள் அழுதான். "தண்டநாயகர் வீட்டு ஆளுங்க நான். எடுத்துட்டு வரலைன்னா வேலை போயிரும்னாருங்க."

"நீதான் தொடவே இல்லியே. அப்புறம் ஏது திருட்டு? இன்னுங்கொஞ்சம் ஊத்தவா?"

பானைகளுக்குப் பின்னால் பூவராகன் தலைகுனிந்துகொண்டார். இதே கேள்வி, இதே குரலில், முன்பும் ஒருமுறை அவர் காதில் விழுந்திருக்கிறது.

எட்டாம் நாள் பூவராகன் முத்துமாலையை ராஜாவின் முன் வைத்தார். "இதோ, நடக்காத திருட்டு."

"இது மாலை" என்றார் மழவராயர்.

"ஆமாம், பிரபு. எட்டு நாள் நடுச்சந்தையில் தொங்கியது. திருட்டு நடந்திருந்தால் மாலை வந்திராது. மாலை வந்திருப்பதால், வந்திருப்பது நடக்காத திருட்டு. போதாதென்றால், கை நீட்ட வந்து கூழ் குடித்துப் போன ஒருவரும் இருக்கிறார். அவர் எந்த வீட்டு ஆள் என்று மட்டும் கேட்காதீர்கள்."

மழவராயர் தன் கால் விரல்களைப் பார்த்தார். ராஜா அவரைப் பார்த்தார். பிறகு சபை அதிரச் சிரித்தார். மகளின் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதே. பழைய ஆணை அன்றே ரத்தானது. ஆட்டுக்காரனும் வீடு திரும்பினான். மருதவாசலுக்கு முழு மானியம்.

"உமக்கு என்ன வேண்டும்?"

"காவல் கருவிகளின் பட்டியலில் ஒரு கூழ்ப்பானையும் சேர்க்க வேண்டும், அரசே. கூழ் குடித்தவர் வீட்டு வேலையும் போகக் கூடாது."

ராஜா மறுபடி சிரித்து, இரண்டுக்கும் சம்மதித்து, தன் பட்டுச் சால்வையையும் அவர் தோளில் போர்த்தினார்.

மானிய வண்டி வருவதற்கு முன்பே பூவராகன் தனியாக மருதவாசல் போனார். காளத்தி ரோந்து போயிருந்தான், சாவடியில் யாருமில்லை. இருபது வருஷத்துக்கு முன், இரண்டு நாள் பட்டினியில் இந்தச் சந்தை வாழைத்தாரை நோக்கிக் கை நீட்டிய கூத்தாடி அவர்தான். அன்றும் கூழ்தான். காளத்திக்கு அது நினைவிலேயே இல்லை.

சால்வையை விற்று வாங்கிய கேழ்வரகை, மூலையிலிருந்த காலிப் பானையில் விளிம்புவரை நிரப்பினார். கீழே சிந்திய மணிகளையும் பொறுக்கிப் போட்டார். மூடியைச் சரியாக வைத்துவிட்டு, வெறுங்கால் சத்தம் தெருமுனையில் கேட்பதற்குள் வெளியேறினார்.